பதினான்காம் கேள்வி

உதவித்தொகை அலுவலகத்திலிருந்து கவர் வந்து ஒன்பது நாளாகியும் அவள் அதைப் பிரிக்கவில்லை. சமையலறை அலமாரியில் சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் செருகி வைத்திருந்தாள். தேநீர் போடும்போதெல்லாம் அதன் பழுப்பு விளிம்பு கண்ணில் படும். பார்க்காதவள் போல டப்பாவை நகர்த்தி மறைத்துவிட்டு வேலையைப் பார்ப்பாள்.

கவர் பிரிப்பது அந்த வீட்டில் அவள் வேலையே அல்ல. கல்யாணமாகி முப்பத்து நான்கு வருஷத்தில் ஒரு படிவத்தைக்கூட அவள் முழுசாகப் படித்ததில்லை. படிக்கத் தெரியாதவள் என்று நினைக்க வேண்டாம். வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளை ஒரு வரி விடாமல் படிப்பவள்தான். ஆனால் கட்டம் போட்ட காகிதத்தைக் கண்டால் மட்டும் அவளுக்குக் கை சில்லிட்டுப் போகும். அவள் கணவர் இதற்கு நேர்மாறு. டைல்ஸ் கிடங்கு ஒன்றில் இருபத்தெட்டு வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். வந்த சரக்குக்கு ஒரு சீட்டு, போன சரக்குக்கு ஒரு சீட்டு, உடைந்த சரக்குக்கு ஒரு சீட்டு என்று எழுதி எழுதி, சீட்டில் இல்லாதது உலகத்திலேயே இல்லை என்ற முடிவுக்கு வந்துவிட்ட மனிதர். வீட்டுக்கு வரும் எந்தக் காகிதத்தையும் முதல் வரியிலிருந்து பின்பக்கத்துப் பொடி எழுத்து வரை படித்த பிறகுதான் பேனாவைத் திறப்பார்.

"கையெழுத்த மட்டும் நீ போடு. தலையெழுத்த நான் பாத்துக்கறேன்" என்பார். அவர் விரல் வைத்த இடத்தில் போட்டுவிட்டு அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள்.

கிடங்கை மூடியபோது அவருக்கு அறுபத்து மூன்று வயது. கம்பெனி கொடுத்த ஓய்வூதியம் வாய்க்கும் எட்டவில்லை, வயிற்றுக்கும் எட்டவில்லை. அவளுக்கு ஒரு சலவைக்கூடத்தில் வாரம் நான்கு காலை வேலை. இரண்டு பேர் வருமானத்தையும் கூட்டினால் சட்டம் சொல்லும் அளவுக்குக் கீழே வருகிறது என்று கண்டுபிடித்தவரும் அவர்தான். விண்ணப்பித்தார். தம்பதி என்ற கணக்கில் மாதாமாதம் ஒரு தொகையும், அவர்கள் குடியிருந்த இரண்டு அறை வீட்டுக்கு வாடகை உதவியும் வந்தன. அவள் முதலில் கூசினாள். யாரிடமோ கை நீட்டி வாங்குவதுபோல இருக்கிறது என்றாள்.

"யாரும் பிச்ச போடல. சட்டத்துல இருக்கு. இருக்கறத எடுத்துக்கறோம், அவ்வளவுதான்" என்றார். அதற்குப் பிறகு அவள் கூசவில்லை.

ஏழு மாதத்துக்கு முன் ஒரு காலையில் ஷூ நாடாவைக் கட்டக் குனிந்தவர் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தார். வலது கையும் வலது காலும் போயின. பேச்சு, சில வாரங்களுக்குப் பிறகு, ஒவ்வொரு சொல்லாகத் திரும்பி வந்தது. புத்திக்கு ஒரு குறையும் இல்லை. ஆஸ்பத்திரியில் ஆறு வாரம் வைத்திருந்துவிட்டு, பஸ்ஸில் பத்து நிறுத்தம் தள்ளியிருந்த பராமரிப்பு இல்லத்துக்கு அனுப்பினார்கள். கொஞ்ச நாளைக்கு என்றுதான் சொன்னார்கள்.

பத்தாம் நாள் அவள் கவரைப் பிரித்தாள். சலவைக்கூடத்தில் அவளுக்கு எதிர்முனையில் நின்று படுக்கை விரிப்பு மடிக்கிறவள், "பிரிக்காம வச்சீங்கன்னா கவர் குட்டி போடும்க்கா. அடுத்த மாசம் ரெண்டா வரும்" என்று சொன்னதுதான் காரணம்.

உள்ளே நான்கு பக்கப் படிவம். இருபத்திரண்டு கேள்விகள். இதற்கு முன் இரண்டு தடவை இதேபோல வந்திருந்தது. இரண்டு தடவையும் கொழுந்தன் வந்து நிரப்பிக் கொடுத்தார். அதில் பதினான்காம் கேள்வி, 'தங்கள் துணைவர் வீடு திரும்புவாரா?' என்பது. அப்போது அதன் கீழே மூன்று கட்டங்கள் இருந்தன. ஆம், இல்லை, இன்னும் தெரியவில்லை. கொழுந்தன் மூன்றாவதில் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போனார். இந்தத் தடவை மூன்றாவது கட்டம் இல்லை. ஆறு மாதத்துக்குப் பிறகு ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று அலுவலகம் முடிவு செய்திருந்தது போலும்.

அவள் அந்தக் கேள்வியைக் கையில் எடுத்துக்கொண்டு யார் யாரிடமோ போனாள்.

இல்லத்தின் பொறுப்பு நர்ஸ் நல்ல மனுஷி. கேள்வியைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "இத நான் சொல்லக் கூடாதும்மா. டாக்டர்தான் சொல்லணும்." டாக்டர் செவ்வாய்க்கிழமை வருவார். செவ்வாய்க்கிழமைக்காக அவள் அரை நாள் கூலியை விட்டுவிட்டுப் போய் நடைவழியில் காத்திருந்தாள். டாக்டர் நடந்துகொண்டே பேசினார். "போன மாசத்துக்கு இந்த மாசம் தேவலை. உக்கார வச்சா உக்காந்துக்கறார். பார்ப்போம்."

"வீட்டுக்கு வருவாருங்களா டாக்டர்?"

"பார்ப்போம்மா" என்று அவர் மறுபடி சொல்லிவிட்டு அடுத்த அறைக்குள் நுழைந்தார். பார்ப்போம் என்பதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

சனிக்கிழமை கொழுந்தன் வந்தார். கணவரைவிட ஒன்பது வயது சின்னவர். ஏதோ ஒரு கம்பெனிக்குப் பார்சல் வண்டி ஓட்டுகிறார். வரும்போதெல்லாம் ஒரு பை காய்கறி கொண்டுவந்து வாசற்படியில் வைப்பார். அண்ணி வேண்டாம் என்பாள், அவர் காது கேளாதவர்போல உள்ளே வருவார். அன்று படிவத்தை வாங்கிப் பார்த்ததும் பேனாவை எடுத்தார்.

"ஆம்னு போட்டுருங்க அண்ணி."

"நெசமாவா?"

"நெசம் என்ன நெசம். இல்லைன்னு போட்டீங்கன்னா உங்க ரெண்டு பேரையும் தனித்தனி ஆளா பிரிச்சிருவாங்க. தனி ஆளுக்கு ரெண்டு ரூம் எதுக்குன்னு வாடகையில கை வப்பாங்க. அப்புறம் வீட்ட காலி பண்ணணும். அண்ணன் பேரு இந்த வீட்ல இருக்கட்டும். அவருக்கே அது ஒரு தெம்பு."

"வருவாருன்னு நீங்க நெனக்கிறீங்களா?"

கொழுந்தன் பேனா மூடியைத் திருகினார், திறந்தார், திருகினார். "நான் என்ன அண்ணி நெனக்கறது. வந்தா நல்லதுதான்."

அவள் படிவத்தை அவரிடமிருந்து மெல்ல வாங்கி மடித்தாள். யோசித்துப் போடுகிறேன் என்றாள். உண்மையில் அவள் யோசித்தது வேறு. ஆம் என்று போட்டால் இப்போதிருக்கிற ஏற்பாடு அப்படியே தொடரும். இப்போதிருக்கிற ஏற்பாடு என்ன என்பது கொழுந்தனுக்கு முழுசாகத் தெரியாது. தம்பதிக்கு ஒரே கணக்கு. அந்தக் கணக்கில் விழும் தொகையிலிருந்து இல்லம் தன் கட்டணத்தை முதலில் எடுத்துக்கொள்ளும். மிச்சத்தில் மின்சாரமும் பஸ்ஸும் போக, மாதத்தின் கடைசி பத்து நாள் அவள் ஒரு வேளைதான் அடுப்பு பற்ற வைத்தாள். அந்தப் பை காய்கறியை வேண்டாம் என்று சொல்வதெல்லாம் வாய் வார்த்தைதான். அவர் தெருமுனை திரும்பியதும் ஒரு கேரட்டைக் கழுவாமலே கடித்துத் தின்ற நாளும் உண்டு.

அடுத்த வாரம் சலவைக்கூடத்தில் அது வெளியே வந்துவிட்டது. ஹோட்டல் விரிப்புகளை உருளை இயந்திரம் சுடச்சுடத் தள்ளும். இரண்டு முனையை அவள் பிடிக்க, இரண்டு முனையை எதிரில் நிற்பவள் பிடிப்பாள். உதறி, இழுத்து, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து மடிக்க வேண்டும். நாற்பதாவதோ ஐம்பதாவதோ விரிப்பில் அவள் நடந்தபோது தரை முன்னால் வராமல் கீழே போனது. கண்ணைத் திறந்தபோது துணி மூட்டையின் மேல் சாய்த்து வைத்திருந்தார்கள். எதிர்முனைக்காரி முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள்.

"காலையில என்ன சாப்ட்டீங்கக்கா?"

"டீ."

"குடிச்சத கேக்கல. சாப்ட்டத கேக்கறேன்."

எதிர்முனைக்காரி தன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து அவள் மடியில் வைத்துவிட்டு, அவள் தின்று முடிக்கும்வரை வேறு பக்கம் திரும்பி நின்றாள். சூப்பர்வைசர் வந்து பார்த்து, உடம்பு சரியில்லாதவர்களை இயந்திரத்துக்குப் பக்கத்தில் விட முடியாது என்று வீட்டுக்கு அனுப்பினான். அன்றைய கூலியில் பாதி போயிற்று. அவள் வீட்டுக்குப் போகவில்லை. நேரே உதவித்தொகை அலுவலகத்துக்குப் போனாள்.

எண்பத்தேழாம் டோக்கன். சுவரோடு ஒட்டிப் பிணைத்த பிளாஸ்டிக் நாற்காலிகள். கைக்குழந்தையோடு ஒருத்தி, காலில் கட்டோடு ஒருவன், எல்லோருக்கும் கையில் ஒரு பழுப்புக் கவர். இரண்டு மணி நேரம் கழித்து மூன்றாம் கவுண்டரில் கூப்பிட்டார்கள். அங்கே இருந்த பெண்ணுக்கு ஜலதோஷம். மூக்கைத் துடைத்துக்கொண்டே படிவத்தைப் பார்த்தாள்.

"இதுல எத போட்டா என்ன ஆகும்னு எனக்குத் தெரியல. எனக்குப் புரியற மாதிரி சொல்லும்மா" என்றாள் அவள். இதைச் சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் தலைசுற்றலின் மிச்சம் இன்னும் இருந்ததால் வெட்கம் பெரிதாகத் தெரியவில்லை.

கவுண்டர் பெண் பொறுமையானவள். ஒரு பழைய டோக்கனின் பின்பக்கத்தில் ஒரு பெரிய கட்டம் போட்டாள். "இது நீங்க ரெண்டு பேரும். இப்ப ஒரே பை. இதுலேர்ந்துதான் ஹோமுக்கும் போகுது, உங்களுக்கும் வருது. அதனால உங்க கைக்கு அதிகம் மிஞ்சாது. ஆம்னு போட்டா இதே பைதான்." பக்கத்தில் இரண்டு சின்னக் கட்டம் போட்டாள். "இல்லைன்னு போட்டா ரெண்டு பை. அவரோடது ஹோமுக்கு. அவர் கைச்செலவுக்குக் கொஞ்சம் விட்டுருவாங்க. உங்களோடது உங்களுக்கு. அதுல ஹோம் கை வைக்க முடியாது. இப்ப உங்களுக்கு மிஞ்சறத விட ரெண்டு மடங்குக்கு மேல வரும்."

"வீடு?"

அந்தப் பெண் மூக்கை உறிஞ்சினாள். "மூணு மாசம் டைம் கொடுப்பாங்க. அப்புறம் ஒரு ரூமுக்கு என்ன வாடகையோ அதுதான்."

"ஆம்னு போட்டா வீடு தங்கும்."

"தங்கும். ஆனா ஆம்னு போட்டா எங்க ஆளு ஒருத்தர் வீட்டுக்கு வந்து பாப்பாரும்மா. வீல்சேர் போற அளவுக்கு வாசல் இருக்கா, பாத்ரூம்ல பிடிமானம் இருக்கான்னு. ஹோம்லயும் ரிப்போர்ட் கேப்பாங்க. வர மாட்டாருன்னு அவங்க எழுதிட்டா, இந்த நாள்லேர்ந்து கொடுத்தத எல்லாம் திருப்பிக் கேப்பாங்க."

அவள் மனத்துக்குள் தன் வீட்டு வாசலை அளந்தாள். மூன்று படி. குளியலறைக் கதவு பாதி திறந்தால் வாளியில் இடிக்கும்.

"நீ என்ன போடுவே?" என்று கேட்டாள்.

"எனக்கு அத சொல்ல அதிகாரம் இல்லம்மா." கவுண்டர் பெண் படிவத்தைத் திருப்பி, கடைசிப் பக்கத்தைக் காட்டினாள். "ஆறு மாசம் தாண்டிட்டதால, எத போட்டாலும் இந்தத் தடவ இங்க ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும்."

"அவருமா?"

"அவருந்தாம்மா. ரெண்டு பேர் கணக்கு இல்லையா."

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் படிவத்தைப் பையின் அடியில், அவருக்குத் துவைத்துக் கொண்டுபோன சட்டைகளுக்குக் கீழே வைத்திருந்தாள். காட்டலாமா வேண்டாமா என்று பஸ்ஸில் பத்து நிறுத்தமும் யோசித்துக்கொண்டே போனாள். காட்ட வேண்டாம் என்று முடிவு செய்து இறங்கினாள்.

அவர் ஜன்னலோரச் சக்கர நாற்காலியில் இருந்தார். நான்கு கட்டில் போட்ட அறை. மற்ற மூவரில் ஒருவர் எப்போதும் தூங்குபவர், ஒருவர் எப்போதும் வானொலி கேட்பவர், ஒருவருடைய கட்டில் போன வாரம் காலியாகிவிட்டது. சட்டைகளை லாக்கரில் அடுக்கும்போது பையிலிருந்து கவரின் மூலை எட்டிப் பார்த்தது. காகிதம் என்றால் அவர் கண்ணுக்குத் தப்புமா.

"என்ன கவர்?"

"ஒண்ணுமில்லீங்க. வழக்கமா வர்றதுதான்."

அவர் இடது கையை நீட்டினார். நீட்டிய கையை மடக்கவே இல்லை. அவள் கொடுத்தாள். கண்ணாடியை மாட்டிவிட்டாள். மடியில் ஒரு தலையணையை வைத்து அதன் மேல் படிவத்தை விரித்துக் கொடுத்தாள். அவர் முதல் வரியிலிருந்து ஆரம்பித்தார். பக்கம் திருப்ப நேரமானது. அவள் உதவப் போனாள், தலையசைத்து மறுத்தார். பதினான்காம் கேள்வியில் நிற்பார் என்று அவள் பயந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் நிற்கவில்லை. பதினைந்து, பதினாறு என்று அதே வேகத்தில் போனார். பின்பக்கத்துப் பொடி எழுத்தையும் படித்து முடித்து, கண்ணாடியைக் கழற்றச் சொன்னார்.

"நீ என்ன சாப்பிடறே?" என்று கேட்டார். ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக வந்து விழுந்தது.

"நல்லாத்தான் சாப்பிடறேன்."

"வளையல் முழங்கை வரைக்கும் போகுது."

அவள் கையைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"பதினாலுக்கு இல்லைன்னு போடு."

"நான் போட மாட்டேன்."

"நீதான் போடணும். எனக்குக் கோடு கோணிக்கும். கட்டத்த விட்டு வெளிய போனா செல்லாது. கீழ எழுதியிருக்கு."

வானொலியில் யாரோ வானிலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவள் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. மின்சார பில்லைக் கட்டு என்று சொல்வதுபோலல்லவா சொல்கிறார். ஒரு நாள், ஒரு மணி நேரம் யோசித்திருக்கக் கூடாதா.

"அவ்வளவு சுலபமா சொல்றீங்களே. டாக்டரே சொல்லல. உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"இங்க வந்த அன்னிக்கு."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல." அவர் மூச்சு வாங்கிக்கொண்டார். "ஆஸ்பத்திரியில கெளம்பறப்ப ஒரு பை கொடுத்தாங்க. உள்ள சோப்பு, சீப்பு, ரெண்டு செட் பைஜாமா. என் கூட கெளம்பினவனுக்கு வாக்கர் கொடுத்தாங்க. அவன் வீட்டுக்குப் போறவன். எனக்கு வாக்கர் இல்ல." இன்னொரு மூச்சு. "கொடுத்த சாமான வச்சுத் தெரியாதா."

அவளுக்கு அந்தப் பை ஞாபகம் இருந்தது. புதுப் பைஜாமா, நல்ல துணி என்று அவளே தொட்டுப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறாள்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாம் இல்ல."

"நீ ஒவ்வொரு வாரமும் பாத்ரூம்ல கம்பி போடணும், ஆளு பாத்திருக்கேன்னு சொல்லிட்டிருந்தே." அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். "எப்படிச் சொல்றது."

அவள் பேனாவை எடுத்தாள். கட்டம் சின்னது. ஒரு கடுகு அளவு கட்டம். அவள் அதற்குள் கோட்டை இழுத்தாள், வெளியே போகாமல். பிறகு இரண்டு பேர் கையெழுத்துக்கும் இடம் இருந்த கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். அவர் இடது கையால் போட்டார். புழு ஊர்ந்ததுபோல இருந்தது. அதன் கீழே அவள் போட்டாள்.

மூன்று வாரத்தில் படிவம் திரும்பி வந்தது. விண்ணப்பதாரரின் கையெழுத்து பதிவிலுள்ள கையெழுத்தோடு பொருந்தவில்லை, இடது பெருவிரல் ரேகையும் சாட்சிக் கையொப்பமும் வேண்டும் என்று ஒரு சீட்டு குத்தியிருந்தார்கள். இருபத்தெட்டு வருஷம் ஒரு நாளைக்கு நூறு சீட்டில் கையெழுத்துப் போட்டவர். பொறுப்பு நர்ஸ் மைப்பெட்டியைக் கொண்டுவந்து விரலைப் பிடித்து அழுத்தினாள். அவர் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு கொடுத்தார். மையை அவள் ஈரத் துணியால் துடைத்தபோது, "விடு, தானா போகும்" என்றார்.

கடைசியில் இரண்டு கவர்கள் ஒரே நாளில் வந்தன. ஒன்று அவள் பேருக்கு, ஒன்று அவர் பேருக்கு. இரண்டும் ஒரே விலாசத்துக்கு. இந்தத் தடவை அவள் கதவருகில் நின்றபடியே பிரித்தாள். 'இத்தேதி முதல் தாங்கள் இருவரும் இத்திட்டத்தின் நோக்கத்துக்காகத் தம்பதியாகக் கருதப்பட மாட்டீர்கள்' என்று இரண்டிலும் ஒரே வாசகம். திட்டத்தின் நோக்கத்துக்காக என்ற சொற்களை அவள் நான்கைந்து தடவை படித்தாள். அது மட்டும் அங்கே இல்லாமல் இருந்திருந்தால் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த மாதம் கணக்கில் கூடுதலாக விழுந்தது. கவுண்டர் பெண் சொன்னது பொய்யில்லை. அவள் கடைக்குப் போய் ஒரு பை நிறையச் சாமான் வாங்கினாள். எண்ணெய், பருப்பு, ஆறு முட்டை. வீட்டுக்கு வந்து இரண்டு முட்டையை வேகவைத்து உரித்துத் தட்டில் வைத்தாள். முதலாவதைப் பாதி கடித்துத் தட்டில் வைத்துவிட்டாள். தன்னையே திட்டிக்கொண்டு மிச்சத்தைத் தண்ணீரோடு விழுங்கினாள். இரண்டாவதையும் தின்றாள். பசி இருந்தது. அதற்கு என்ன செய்வது.

கொழுந்தன் ஒரு மாதம் வரவில்லை. வந்தபோது காய்கறிப் பை இல்லை. "ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் அண்ணி" என்றார். "உங்க அண்ணன்தான் போடச் சொன்னார்" என்றாள். அவர் நம்பினாரா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை. ஆனாலும் வீடு மாற்றும் நாளில் பார்சல் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். பீரோவை அவர் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார். புது அறையில் அதற்கு இடமில்லை. கணவருடைய சட்டைகளில் எதை வைத்துக்கொள்வது என்று அவள் தரையில் உட்கார்ந்து பிரித்தபோது, கொழுந்தன் வெளியே போய் வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டார். ஷூக்களை அவள் பழைய சாமான்காரனிடம் போட்டாள். அவன் நாடா புதுசாக இருக்கிறது என்று சொல்லிக் கொஞ்சம் கூடக் கொடுத்தான்.

புது அறை ஒரு டயர் கடைக்கு மேலே. ஒரே அறை, மூலையில் அடுப்பு, நடைவழியில் எல்லோருக்கும் பொதுவான குளியலறை. காலை எட்டு மணிக்குக் கீழே காற்றடிக்கும் இயந்திரம் ஓட ஆரம்பித்தால் தட்டு அலமாரியில் நடுங்கும். ஜன்னல் ஒன்று உண்டு. மழை பெய்தால் அதன் இடது மூலையிலிருந்து நீர் கசியும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் அதைப் பற்றி ஒன்றுவிடாமல் கேட்டார். எத்தனை படி. கைப்பிடி இருக்கிறதா. கதவு உள்ளே திறக்கிறதா, வெளியே திறக்கிறதா. பூட்டு நல்லதா. அவள் சொல்லச் சொல்ல, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இடது கை விரல் சக்கர நாற்காலியின் கைப்பிடியில் கோடு இழுத்துக்கொண்டிருந்தது.

"எத்தன அடி?"

"என் காலால பதினொண்ணு. குறுக்கால ஒம்போது."

"கட்டில் எங்க?"

"கதவுக்கு எதிர்ல."

"அங்க வேணாம். கதவத் தொறந்தா காத்து நேரா மூஞ்சில அடிக்கும். உனக்குச் சளி பிடிக்கும்." நிறுத்தி யோசித்தார். "வலது சுவரோட ஒட்டிப் போடு. தலமாடு அடுப்புக்கு எதிர்ப்பக்கம். அப்ப நடுவுல நடக்க எடம் வரும். பெட்டியக் கட்டிலுக்கு அடியில தள்ளு."

"சரிங்க."

"இன்னிக்கே போடு."

பார்வை நேரம் முடிந்து மணி அடித்தது. அவள் கிளம்பினாள். அன்று சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே சாமான்களை ஓரம் ஒதுக்கி, கட்டிலைத் தனியாகவே தள்ளினாள். கால் வலித்தது. நின்று மூச்சு வாங்கித் தள்ளினாள். வலது சுவரில், அவள் கணக்கில் எடுக்காத ஒரு தூண் முன்னால் துருத்திக்கொண்டிருந்தது. இரண்டு விரற்கடை இடித்தது. தலைமாட்டை மாற்றிப் பார்த்தாள், இடித்தது. கொஞ்ச நேரம் கட்டிலின் மேலேயே உட்கார்ந்திருந்தாள். கீழே டயர் கடைக்காரர் ஷட்டரை இழுத்து மூடும் சத்தம் கேட்டது. எழுந்து கட்டிலைத் திரும்பக் கதவுக்கு எதிரில் இழுத்துப் போட்டாள்.

அடுத்த வாரம் அவர் கேட்டார்.

"போட்டியா?"

"போட்டேன். நீங்க சொன்ன மாதிரியே."

"நடுவுல எடம் வருதா?"

"நல்லா வருது" என்றாள் அவள். அவர் தலையசைத்துவிட்டு, சட்டைப் பொத்தானைப் போட்டுவிடச் சொன்னார்.